பீரோவுக்குள் பதினோரு ஹார்ட் டிஸ்க்குகள்

கணினி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சிவகங்கை மாவட்டத்தில் திருமண ஒளிப்பட ஸ்டூடியோ நடத்துகிறேன். நிச்சயதார்த்தம், வரவேற்பு, முகூர்த்தம் என்று ஒரு திருமணத்துக்குப் படமும் வீடியோவும் சேர்ந்து 300 முதல் 500 ஜிபி வரை வந்துவிடுகிறது. வேலை முடிந்ததும் வேண்டாத காட்சிகளைக் கழித்துவிட்டாலும் ஆண்டுக்கு 4 டெராபைட் சேர்கிறது. இதுவரை சேர்ந்த 9 டெராபைட்டும் பதினோரு யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்குகளில் பீரோவுக்குள் இருக்கின்றன. சென்ற மாதம் அவற்றில் ஒன்று சுழல மறுத்துவிட்டது. நல்லவேளையாக அதிலிருந்த திருமணத்தின் நகல் எடிட்டிங் கணினியில் இருந்தது. எல்லாவற்றையும் ஒரே சர்வரில் வைக்க விரும்புகிறேன். கடையில் காட்டும் ரெடிமேட் சேமிப்புப் பெட்டியை வாங்கினால், டிஸ்க் வாங்குவதற்கு முன்பே என் பணத்தில் பாதி போய்விடும். என்னிடம் 1,25,000 ரூபாய் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் பணம் போதும். ஆனால் அதை எதில் போடுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கோப்புகளை வைத்துக் கொடுக்கும் வேலைக்குப் பெரிய பிராசஸர் தேவையில்லை. ஐந்தாறு ஆண்டுகள் அலுவலகத்தில் ஓடி விற்பனைக்கு வந்த டெஸ்க்டாப் ஒன்றே தாராளம். ஐந்தில் நான்கு பங்குப் பணத்தை டிஸ்க்குக்கு ஒதுக்குங்கள். மீதியில் கணினி, யுபிஎஸ், கேபிள் எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளலாம். டிஸ்க்கின் விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் ரூபாய்க் கணக்காகச் சொல்லாமல் பங்குக் கணக்காகச் சொல்கிறேன். வாங்கும்போது டிஸ்க்கின் விலையை அதன் டெராபைட்டால் வகுத்துப் பார்த்து ஒப்பிடுங்கள்.

இந்த வழி புதிதல்ல. 2009 செப்டம்பரில் பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தன் சேமிப்புப் பெட்டியின் வடிவமைப்பை எல்லோருக்கும் திறந்து வைத்தது. கடைகளில் கிடைக்கும் 1.5 டெராபைட் டிஸ்க்குகள் 45, சாதாரண மதர்போர்டு, லினக்ஸ், தகடு வளைத்துச் செய்த ஒரு பெட்டி. 67 டெராபைட்டுக்கு அவர்களுக்கு ஆன செலவு 7,867 டாலர். பல டிஸ்க்குகளை ஒரே தொகுப்பாகச் சேர்க்கும் முறையைக் குறிக்கும் ரெய்டு (RAID) என்ற சொல்லே இந்த எண்ணத்தில் பிறந்ததுதான். 1988-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், அந்தச் சொல்லின் மூன்றாவது எழுத்தான ‘I’, ‘மலிவான’ என்பதையே குறித்தது. விலை உயர்ந்த ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதிலாக, மலிவான பல சிறிய டிஸ்க்குகளைச் சேர்த்து, அவற்றில் ஒன்று பழுதானாலும் தரவு பிழைக்கும்படி செய்வதே அவர்கள் சொன்னது. பிற்காலத்தில் விற்பனையாளர்கள் அந்த எழுத்துக்குத் ‘தனித்தனியான’ என்று வேறு பொருள் கொடுத்துவிட்டார்கள்.

முதலில் பெட்டி. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் மற்ற ஊர்களில் பழைய கணினி விற்கும் கடைகளிலும் அதிகம் கிடைப்பவை புத்தகம் போல் மெலிந்த அலுவலகக் கணினிகள். விலை குறைவு என்று அவற்றை வாங்கிவிடாதீர்கள். உள்ளே முழு அளவு டிஸ்க் ஒன்று வைக்கத்தான் இடம் இருக்கும், உள்ளே மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸும் அந்த மாடலுக்கென்றே செய்யப்பட்டதாக இருக்கும். டிஸ்க் வைக்க ஆறு இடமாவது உள்ள டவர் கேபினெட்டும், டிஸ்க்குகளை இணைக்கும் சாட்டா போர்ட் ஆறு உள்ள மதர்போர்டும், 16 ஜிபி ரேமும் உங்களுக்கு வேண்டும். பிழை திருத்தும் இசிசி ரேம் ஏற்கும் பழைய வொர்க்ஸ்டேஷன் கட்டுப்படியாகும் விலையில் கிடைத்தால் அதையே எடுங்கள். கிடைக்காவிட்டால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். இயங்குதளத்துக்கு 128 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றைத் தனியாகப் போடுங்கள். டிஸ்க்குகள் ஆறைத் தாண்டும் நாளில், எல்எஸ்ஐ 9211 போன்ற பழைய சர்வர் அட்டை ஒன்றை, டிஸ்க்குகளை நேரடியாக இயங்குதளத்துக்குக் காட்டும் ‘ஐடி மோடு’ மென்பொருளோடு வாங்கிச் செருகினால் இன்னும் எட்டு டிஸ்க்குகளை இணைக்கலாம்.

எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் புதிதாக, நல்ல நிறுவனத்தின் 450 வாட் வகையாக வாங்குங்கள். ஒரு டிஸ்க் சுழலத் தொடங்கும் சில விநாடிகளில் 12 வோல்ட் வழியில் ஏறக்குறைய 2 ஆம்பியர் இழுக்கும். ஐந்து டிஸ்க் ஒரே சமயத்தில் எழுந்தால் அதுவே 120 வாட் ஆகிவிடும். இணைப்புகள் போதவில்லை என்று பழைய நான்கு முனை மோலக்ஸ் செருகியிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் மலிவான கேபிளைப் பலர் போடுகிறார்கள். நானும் போட்டேன். மூன்று மாதம் கழித்து ஒரு மாலையில் அறைக்குள் நுழைந்தபோது பிளாஸ்டிக் கருகும் வாடை அடித்தது. மூடியைத் திறந்து பார்த்தால் அந்தச் செருகியின் ஓரம் பழுப்பாகி, டிஸ்க்கின் முனையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கம்பிகளை அச்சில் வைத்துப் பிளாஸ்டிக்கை ஊற்றி வார்த்த செருகிகளில் கம்பிகள் நெருங்கிவிடுவதால் இது நேர்கிறது. போதுமான சாட்டா இணைப்புகள் தன்னிலேயே உள்ள எஸ்எம்பிஎஸ்ஸை வாங்குங்கள்.

அடுத்தது டிஸ்க்கின் வகை. வாங்கும் முன் அந்த மாடல் சிஎம்ஆரா எஸ்எம்ஆரா என்று உற்பத்தியாளரின் விவரத்தாளில் பார்த்தே ஆக வேண்டும். சிஎம்ஆர் வகையில் தரவு எழுதும் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருக்கும். எஸ்எம்ஆர் வகையில், கூரைக்கு ஓடு வேய்வதைப் போல ஒரு தடத்தின் விளிம்பின் மேல் அடுத்த தடம் ஏறியிருக்கும். நடுவில் ஓர் ஓட்டை மாற்ற வேண்டுமென்றால் அதன் மேல் ஏறியவற்றையும் எடுத்து வைக்க வேண்டியிருப்பது போல, நடுவில் எழுதும்போது பக்கத்துத் தடங்களையும் திரும்ப எழுத வேண்டியிருக்கும். பழுதான டிஸ்க்குக்குப் பதில் புதியதைப் போட்டுத் தரவை மீட்டெழுதும் வேளையில் இது மிகவும் தடுமாறும். 2020-இல், வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் சேமிப்பகங்களுக்கென்றே விற்ற ரெட் வரிசையிலும் 2 முதல் 6 டெராபைட் வரையிலான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பது தெரியவந்தது. அதன் பிறகு அந்நிறுவனம் சிஎம்ஆர் டிஸ்க்குகளை ரெட் பிளஸ் என்ற பெயரில் பிரித்து விற்கத் தொடங்கியது. ஆகவே அட்டைப்பெட்டியில் உள்ள பெயரை நம்பாமல் மாடல் எண்ணைப் பாருங்கள்.

நான்கு 8 டெராபைட் டிஸ்க்குகளோடு தொடங்கலாம் என்பது என் கருத்து. ட்ரூநாஸ் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவி, இசட்எஃப்எஸ் கோப்பு முறையில் ‘ரெய்டு-இசட்2’ என்ற அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். இதில் இரண்டு டிஸ்க்கின் இடம் பாதுகாப்புக்குப் போய்விடும். 16 டெராபைட் உங்களுக்குக் கிடைக்கும். (டிஸ்க் விற்பவர் ஆயிரத்தால் கணக்கிடுவதாலும் கணினி 1,024-ஆல் கணக்கிடுவதாலும் திரையில் அது 14.5 என்று தெரியும். இடம் எங்கும் தொலைந்துவிடவில்லை.) எந்த இரண்டு டிஸ்க் பழுதானாலும் தரவு நிற்கும். ஒரே டிஸ்க் பாதுகாப்புள்ள அமைப்பில் 24 டெராபைட் கிடைக்குமே என்று கேட்பீர்கள். பழுதான 8 டெராபைட் டிஸ்க்கை மாற்றி, விநாடிக்கு 150 எம்பி வேகத்தில் முழுவதும் எழுதி முடிக்கவே 15 மணி நேரம் ஆகும். அந்த 15 மணி நேரமும் மற்ற டிஸ்க்குகள் இடைவிடாமல் படிக்கப்பட்டுக்கொண்டிருக்கும். ஒரே நாளில் வாங்கி, ஒரே அளவு உழைத்த அந்த மூன்றில் இன்னொன்று அப்போது விழுந்தால் எல்லாமே போய்விடும். வேறொருவரின் வாழ்வில் ஒரே முறை நடந்த நாளைப் பாதுகாக்கும் உங்கள் தொழிலில் அந்த ஆபத்தை ஏற்கக் கூடாது.

இசட்எஃப்எஸ்ஸில் 80 விழுக்காட்டுக்கு மேல் நிரப்பாமல் இருப்பது நல்லது என்பதால், 16-இல் 12.8 டெராபைட்தான் உங்கள் கணக்கு. இருக்கும் 9 டெராபைட்டை ஏற்றிய பின் ஏறக்குறைய ஓராண்டுக்கு இடம் வரும். அடுத்த ஆண்டு ஐந்தாவது டிஸ்க்கை வாங்கி இதே தொகுப்பில் சேர்த்துவிடலாம். முன்பெல்லாம் ரெய்டு-இசட் தொகுப்பில் ஒற்றை டிஸ்க்கைச் சேர்க்க வழியில்லை. முதலிலேயே எல்லாவற்றையும் வாங்க வேண்டியிருந்தது. அந்த வசதி ட்ரூநாஸில் 2024 அக்டோபரிலும், 2025 ஜனவரியில் வெளிவந்த ஓப்பன் இசட்எஃப்எஸ் 2.3 பதிப்பிலும் வந்துவிட்டது. உங்களைப் போல் ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவிடக்கூடியவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி இந்தத் துறையில் அண்மையில் வந்ததில்லை. டிஸ்க்குகளைச் சேமிப்பகத்தில் மாட்டும்போது, ஒவ்வொன்றின் வரிசை எண்ணில் கடைசி நான்கு எழுத்துகளை ஒரு தாளில் எழுதி, மூடியைத் திறந்ததும் கண்ணில் படும் ஓரத்தில் ஒட்டிவிடுங்கள். ஒரு முறை பழுதான டிஸ்க்கைக் கழற்றுவதாக நினைத்து நல்ல டிஸ்க்கை நான் உருவிவிட்டேன். நான்கும் ஒன்று போலவே இருந்தன. இரண்டு டிஸ்க் பாதுகாப்பு இருந்ததால்தான் அன்று தப்பித்தேன்.

வேகத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். ஒரு ஜிகாபிட் வலையமைப்பில் விநாடிக்கு ஏறக்குறைய 110 எம்பி போகும். 500 ஜிபி உள்ள ஒரு திருமணம் ஒன்றேகால் மணி நேரத்தில் ஏறிவிடும். அதுவே பன்னிரண்டு மணி நேரம் ஆகிறதென்றால் எங்கோ வழி 100 மெகாபிட்டாகச் சுருங்கியிருக்கிறது என்று பொருள். பழைய ஸ்விட்ச் காரணமாக இருக்கலாம். பெரும்பாலும், கேபிள் போட்டவர் எட்டுக் கம்பியில் நான்கை மட்டும் கிரிம்ப் செய்திருப்பார். நுனியில் உள்ள கண்ணாடிச் செருகியை வெளிச்சத்தில் பிடித்து எட்டு நிறமும் தெரிகிறதா என்று எண்ணிப் பாருங்கள். எடிட்டிங் வேலையை உங்கள் கணினியின் எஸ்எஸ்டியிலேயே செய்து, முடிந்ததை சர்வருக்கு அனுப்புங்கள்.

இனிச் சொல்வதுதான் இந்தப் பதிலில் முக்கியமானது. இவ்வளவும் செய்த பிறகும் உங்களிடம் இருப்பது ஒரே ஒரு பிரதி. டிஸ்க் பழுதிலிருந்து ரெய்டு காக்கும். தவறிப்போய் அழித்த ஃபோல்டரையும், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸையும், திருட்டையும், தீயையும் அது தடுக்காது. முதல் இரண்டுக்கும் இசட்எஃப்எஸ்ஸில், கோப்புகளின் அந்த நேரத்து நிலையைப் பதிந்து வைக்கும் ‘ஸ்னாப்ஷாட்’ உண்டு. நாள்தோறும் ஒன்று எடுக்கும்படி அமைத்துவிட்டால், பகிர்ந்த ஃபோல்டரில் எது அழிந்தாலும் நேற்றைய நிலைக்குப் போகலாம். மற்றவற்றுக்கு வேறிடத்தில் ஒரு பிரதி வேண்டும். அதற்கு உங்களிடம் ஏற்கெனவே பதினோரு டிஸ்க்குகள் இருக்கின்றன! சுழல மறுத்ததை ஒதுக்கிவிட்டு மற்ற பத்தையும், கோப்புகள் சர்வருக்கு ஏறியதும் காலி செய்து விற்றுவிடாமல், அப்படியே எண் போட்டு, எதில் எந்தத் திருமணம் என்று ஒரு நோட்டில் எழுதி, உறவினர் வீட்டு அலமாரியில் வையுங்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒவ்வொன்றையும் கணினியில் செருகி, நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தரைத்தளத்தில் தண்ணீர் புகுந்த வீடுகளிலும் கடைகளிலும் கணினியும் அதன் பேக்கப் டிஸ்க்கும் ஒரே மேசையில் இருந்திருந்தால் இரண்டும் ஒன்றாகத்தான் நனைந்திருக்கும். உங்கள் சர்வர் தரைத்தளத்தில் இருந்தால், முழங்கால் உயரத்துக்குக் கீழே அதை வைக்காதீர்கள்.

கேள்வி: பழைய தமிழ் இதழ்களை ஸ்கேன் செய்து பாதுகாத்து வருகிறேன். புதிய டிஸ்க் வாங்க வசதியில்லை. கையில் 1, 2, 2, 4 டெராபைட் அளவில் நான்கு டிஸ்க்குகளும் ஒரு பழைய கணினியும் உள்ளன. அளவு வேறு வேறாக இருப்பதால் ரெய்டு அமைக்க முடியாது என்கிறார்கள். உண்மையா?

பதில்: வழக்கமான ரெய்டில் எல்லா டிஸ்க்கும் மிகச் சிறிய டிஸ்க்கின் அளவுக்கே மதிக்கப்படும், உங்கள் 4 டெராபைட் டிஸ்க்கும் ஒரு டெராபைட்டாகச் சுருங்கிவிடும். உங்களுக்கு ஏற்றது ஸ்னாப்ரெய்டு என்ற மென்பொருள். இதில் ஒவ்வொரு டிஸ்க்கும் தனித்தனியாகவே இருக்கும். பழுதான டிஸ்க்கின் தரவை மீட்க உதவும் பாதுகாப்புக் கணக்கு மட்டும் ஒரு தனி டிஸ்க்கில் எழுதப்படும். அந்த டிஸ்க், மற்றவற்றில் பெரியதைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது என்பது ஒன்றே விதி. ஆகவே 4 டெராபைட்டைப் பாதுகாப்புக்கு ஒதுக்கிவிட்டால், 1, 2, 2 என்று மொத்தம் 5 டெராபைட்டை இதழ்களுக்குப் பயன்படுத்தலாம். மெர்ஜர்எஃப்எஸ் என்ற மென்பொருள் அந்த மூன்றையும் ஒரே ஃபோல்டராகக் காட்டும். லினக்ஸ் கட்டளைகள் பழக்கமில்லை என்றால், டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ஓப்பன்மீடியாவால்ட் என்ற இயங்குதளத்தில் இவை இரண்டையும் நீட்சிகளாகச் சேர்த்துக்கொண்டு, உலாவியிலிருந்தே நிர்வகிக்கலாம்.

இதில் பாதுகாப்புக் கணக்கு உடனுக்குடன் எழுதப்படுவதில்லை. நீங்கள் ‘சிங்க்’ கட்டளை கொடுக்கும்போதுதான் எழுதப்படும். அடிக்கடி மாறும் கோப்புகளுக்கு இது குறை. ஆனால் ஒரு முறை ஸ்கேன் செய்துவிட்டால் பிறகு மாறவே மாறாத உங்கள் பக்கங்களுக்கு இதனால் இழப்பு இல்லை. அன்றன்றைய வேலை முடிந்ததும் ஒரு முறை கட்டளை கொடுத்தால் போதும். எத்தனை டிஸ்க் செத்தாலும் மிஞ்சிய டிஸ்க்கில் உள்ளவை தாமாகவே படிக்கக்கூடிய நிலையில் இருக்கும் என்பது இதன் பெரிய பலம். ரெய்டு-இசட்டில் அது நடக்காது.

எவ்வளவு இடம் வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஏ4 அளவுள்ள ஒரு பக்கத்தை 600 டிபிஐயில், வண்ணத்தில், சுருக்காத டிஃப் கோப்பாக வைத்தால் ஏறக்குறைய 104 எம்பி ஆகும். ஒரு டெராபைட்டில் 9,500 பக்கம் போல் அடங்கும். தரம் குறையாத சுருக்க முறையைத் தேர்ந்தெடுத்தால் கணிசமாகக் கூடுதல் பக்கங்கள் பிடிக்கும். இடம் போதாது என்று மூலத்தையே ஜேபெக்காக மாற்றிவிடாதீர்கள். அந்தத் தாள் இன்னும் பத்து ஆண்டில் பொடிந்துபோனால் உங்கள் கோப்புதான் மிஞ்சும். செம்பழுப்பேறிய தாளை மீண்டும் ஒரு முறை ஸ்கேனரில் விரிக்கும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைக்காமலே போகலாம்.

கேள்வி: வீட்டில் 24 மணி நேரமும் சர்வர் ஓடினால் மின்கட்டணம் எவ்வளவு கூடும்? இன்வெர்ட்டர் இருக்கும்போது யுபிஎஸ் தனியாக வேண்டுமா?

பதில்: நான்கு டிஸ்க் உள்ள சாதாரண அமைப்பு, வேலையில்லாத நேரத்தில் 60 வாட் எடுப்பதாக வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 1.44 யூனிட், இரண்டு மாதத்துக்கு 86 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் பெரும்பகுதியை அதுவே எடுத்துக்கொள்ளும் என்று பாருங்கள். ஆகவே இரவிலும் ஓடியே ஆக வேண்டுமா என்று யோசியுங்கள். குறித்த நேரத்தில் தானே எழும்படி, கணினியின் தொடக்க மென்பொருளான பயாஸில் அமைத்து, இரவு பதினொன்றுக்குத் தானே அணையும்படி இயங்குதளத்தில் அமைத்துவிட்டால் செலவு கணிசமாகக் குறையும். பழைய சர்வர்கள் மலிவாகக் கிடைக்கின்றன என்று இரட்டைப் பிராசஸர் உள்ள ரேக் சர்வரை வீட்டுக்கு வாங்கி வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். விசிறிச் சத்தத்தையும் மின்கட்டணத்தையும் தாங்க முடியாமல் சில மாதங்களில் அவற்றை ஓரம் கட்டிவிட்டார்கள்.

யுபிஎஸ் வேண்டும். இன்வெர்ட்டர் மின்சாரம் தரும். ஆனால் பேட்டரி தீரப்போகிறது என்று சர்வருக்குச் சொல்லாது. யுஎஸ்பி கேபிள் வழியே கணினியோடு பேசும் 600 விஏ யுபிஎஸ் ஒன்றை வாங்கி, நட் என்ற இலவச மென்பொருளோடு இணைத்தால், பேட்டரி குறைந்ததும் சர்வர் கோப்புகளை மூடிவிட்டுத் தானே அணைந்துவிடும். ட்ரூநாஸில் இது உள்ளேயே இருக்கிறது.

கேள்வி: இணையத்தில், பழையதைச் சரிபார்த்து மீண்டும் விற்கும் ‘ரீஃபர்பிஷ்டு’ ஹார்ட் டிஸ்க்குகள் புதியவற்றைவிட மலிவாகக் கிடைக்கின்றன. நம்பி வாங்கலாமா?

பதில்: திருப்பித் தரும் காலம் பதினைந்து நாளாவது இருந்தால் வாங்கலாம், அந்த நாள்களை நீங்கள் சோதனைக்குப் பயன்படுத்த வேண்டும். டிஸ்க் வந்ததும், தன் நிலையை அது தானே குறித்து வைத்திருக்கும் ஸ்மார்ட் பதிவைப் படியுங்கள். ஓடிய மணி நேரத்தை ஒன்பதாம் எண் சொல்லும். 8,760 என்றால் ஓராண்டு இடைவிடாமல் ஓடியிருக்கிறது. அதைவிட முக்கியம் 5, 197, 198 ஆகிய எண்கள். மாற்றி எழுதப்பட்ட, படிக்கத் தடுமாறும் பகுதிகளின் எண்ணிக்கை அங்கே இருக்கும். மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும். மணிக்கணக்கைத் துடைத்துவிட்டு விற்பவர்களும் இருப்பதால் பூஜ்யத்தைப் பார்த்ததோடு நிறுத்தாதீர்கள். லினக்ஸில் பேட்பிளாக்ஸ் கட்டளையின் எழுதிப் படிக்கும் சோதனையை ஓடவிடுங்கள்; நான்கு முறை முழுவதும் எழுதி நான்கு முறை படிப்பதால் 8 டெராபைட்டுக்கு நான்கைந்து நாள் ஆகும். டிஸ்க்கில் உள்ளதெல்லாம் அதில் அழிந்துவிடும் என்பதால் காலி டிஸ்க்கில் மட்டும் செய்யுங்கள். அது முடிந்த பிறகும் அந்த மூன்று எண்களும் அசையாமல் நின்றால் டிஸ்க்கைத் தொகுப்பில் சேர்க்கலாம். ஒன்று அசைந்திருந்தாலும் அன்றே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

சர்வர்களிலிருந்து வந்த சில டிஸ்க்குகளைச் சாதாரண எஸ்எம்பிஎஸ்ஸில் மாட்டினால் சுழலவே சுழலாது. பழுது என்று எண்ணிவிடாதீர்கள். சாட்டா மின்செருகியின் மூன்றாவது முனையில் 3.3 வோல்ட் வந்தால் அணைந்திருக்கும்படி அவை செய்யப்பட்டிருக்கும். அந்த முனையின் மேல், வெப்பம் தாங்கும் மஞ்சள் கேப்டான் (Kapton) டேப்பைச் சிறு துண்டாக வெட்டி ஒட்டிவிட்டு மறுபடி மாட்டிப் பாருங்கள். சுழலத் தொடங்கினால் முதல் வேலையாக ஸ்மார்ட் பதிவைப் படியுங்கள்.